எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை என்றார்கள், ஏழு மாதம் போய்விட்டது

பந்து விளையாடும்போது கால் தரையில் ஊன்றியபடி நிற்க, உடம்பு மட்டும் திரும்பிவிட்டது. முழங்காலுக்குள் ‘டக்’ என்று ஒரு சத்தம், பக்கத்தில் நின்ற பொடியனுக்கும் கேட்டதாம். வீடு வந்து சேர்வதற்குள் முழங்கால் வீங்கி வட்டமாகிவிட்டது. அன்றிரவே எக்ஸ்ரே எடுத்தோம். "எலும்பில ஒண்டுமில்ல, சுளுக்குத்தான்" என்று வலிக் குளிசை தந்து அனுப்பினார்கள். எக்ஸ்ரேயில் எலும்பு தெரியும், எலும்புகளைப் பிணைக்கிற சவ்வான லிகமென்ட் தெரியாது என்று அன்றைக்கு யாராவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். இன்றைக்கும் அந்தக் கோபம் ஆறவில்லை.

வீக்கம் வற்றியது, நடந்தேன், சைக்கிளும் ஓடினேன். ஆனால் படி இறங்கும்போதும் சட்டென்று திரும்பும்போதும் முழங்கால் கழன்று விலகுவதுபோல் இருந்தது. அந்த உணர்வு உங்களுக்கு இருந்தால் தயவுசெய்து எண்ணெய் பூசிக்கொண்டு காத்திருக்காதீர்கள். நான் காத்திருந்தேன். கடைசியில் எலும்பு முறிவு டொக்டர் முழங்காலைக் கொஞ்சம் மடக்கிப் பிடித்து, கீழ்க்காலை முன்னுக்கு இழுத்துப் பார்த்தார், அவ்வளவுதான், "முன் சவ்வு அறுந்திருக்கு" என்றார். எம்.ஆர்.ஐ. ஸ்கானிலும் அதுவேதான், கூடவே உள்ளே இருக்கிற குஷன் மாதிரியான மெனிஸ்கஸிலும் ஒரு கிழிசல். அறுந்த சவ்வோடு நடந்து நடந்து, கால் விலகும்போதெல்லாம் அதுவும் பழுதாகலாமாம்.

அடுத்த கிளினிக்குக்குக் களுவாஞ்சிகுடியிலிருந்து முதல் பஸ்ஸில் மட்டக்களப்புக்குப் போய், நம்பர் எடுத்து, பதினொரு மணிவரை குந்தியிருந்தால், துண்டு பார்ப்பவர் "ரிப்போட் மட்டும் காணாது, ஸ்கான் சீடி எங்க?" என்றார். டொக்டரிடம் ஒரு தடவை கேட்டுப் பாருங்கள் என்று கெஞ்சியும் நிமிர்ந்தே பார்க்கவில்லை. அன்றைய நாள் அப்படியே போனது. சீடி, ரிப்போட், பழைய எக்ஸ்ரே, கிளினிக் கொப்பி எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டு வையுங்கள்.

அதைவிடப் பெரிய அடி வாட்டில் கிடைத்தது. ஒபரேஷனுக்காக ராத்திரியிலிருந்து சாப்பாடு தண்ணீர் இல்லாமல் படுத்திருக்கிறேன், காலையில் டொக்டர் காலைப் பார்த்துவிட்டு வேண்டாம் என்றுவிட்டார். அம்மா ஆசையோடு கட்டிய மருந்துப் பத்தால் முழங்காலுக்குக் கீழே கொப்புளமாகி, தோல் உரிந்து ஈரமாக இருந்தது. தோலில் புண் இருந்தால் கிருமி மூட்டுக்குள் போய்விடும் என்றார். வீட்டுக்கு அனுப்பினார்கள். பஸ்ஸில் அம்மா முழு வழியும் "என்னாலதான் மனே" என்று அழுதுகொண்டே வந்தா. ஒபரேஷனுக்குத் திகதி கிடைத்த பிறகு பத்து, ஒத்தடம், சவரம் எதையும் அந்தக் காலில் செய்யாதீர்கள். ஐந்து வாரம் கழித்துத்தான் மறுபடி கூப்பிட்டார்கள்.

ஒபரேஷன் என்னவோ சுகமாக முடிந்தது. முதுகில் ஊசி, இடுப்புக்குக் கீழே மரத்துப்போனது, தொடையின் பின்பக்கத்து நாண் ஒன்றை எடுத்துப் புதுச் சவ்வாக வைத்தார்கள்.

கஷ்டம் பிறகுதான். குந்தும் கக்கூஸ் உள்ள வீடென்றால் முதல் வேலையாகக் கொமட் கதிரை ஒன்று தேடி வையுங்கள், நான் வந்த அன்றிரவு பட்ட பாடு போதும். அப்புறம் தொடைத் தசை தூங்கிவிட்டது. பிசியோ மிஸ் முழங்காலுக்குக் கீழே தன் கையை வைத்து "என்ட கைய அமத்துங்க" என்பா, நான் பல்லைக் கடித்தாலும் கால் அசையாது. எட்டாம் நாள் முழங்கால் சில்லுக்கு மேலே தசை சின்னதாகத் துடித்தது. மிஸ் "ஆ, வந்திட்டு!" என்று சத்தமாகச் சொன்னா. எனக்குக் கண் கலங்கிவிட்டது. மடக்குவதைப் பற்றித்தான் எல்லோரும் கேட்பார்கள், ஆனால் முழுசாக நீட்ட வருவதுதான் முதலில் முக்கியம். அது பிந்தினால் நொண்டல் தங்கிவிடும்.

ஒபரேஷன் முடிந்து இப்போது ஐந்தாம் மாதம். வலியே இல்லை, அதுதான் ஆபத்து என்கிறா மிஸ், புதுச் சவ்வு இன்னும் முழுசாகப் பழகவில்லை. ஒன்பது மாதம் ஆகுமுன் பந்து தொடக்கூடாது. பின்னேரம் பொடியன்கள் கூப்பிட்டால் மைதானத்து ஓரத்தில் கதிரை போட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், காலை நேராக நீட்டியபடி.