கொமடோர் 64க்கு மின்வழங்கி தேடி அலைந்தது

ரொறன்ரோவிலிருந்து வந்த சித்தப்பா, தாம் இளவயதில் அங்கே வாங்கிய கொமடோர் 64 என்ற 1980களின் வீட்டுக் கணினியைக் கிளிநொச்சிக்குக் கொண்டுவந்து எனக்குத் தந்தார். அதன் மின்வழங்கியின் அடியில் இருந்ததை வாசிக்காமல் விட்டது என் பிழை. 120 வோல்ட், 60 ஹேர்ட்ஸ் என்று அதில் தெளிவாகவே பொறித்திருந்தது. சித்தப்பாவின் கைபேசிச் சார்ஜருக்குப் போட்ட பிளக் மாற்றியையே இதற்கும் போட்டு, நம்முடைய 230 வோல்ட்டில் செருகிவிட்டேன். அந்த மாற்றி முள்ளின் வடிவத்தை மாற்றுமேயன்றி வோல்ட்டை மாற்றாது. கைபேசிச் சார்ஜர் இரண்டையும் தாங்கிக்கொள்வதால் அந்த வேறுபாடு எனக்கு அதுவரை உறைக்கவில்லை. முதலில் ஒரு முனகல், பிறகு கருகல் மணம். கணினியை அப்போது இணைக்காமல் வைத்திருந்தது மட்டுமே நான் செய்த புத்தியான காரியம்.

திறந்து திருத்தலாம் என்றால், உள்ளே எல்லாவற்றையும் பிசின் ஊற்றி இறுக்கியிருந்தார்கள். ஆகவே வேறொன்று தேட வேண்டியதாயிற்று.

நகரில் ஒரு கடையில், "9 வோல்ட்தானே" என்று றவுட்டர் அடப்டர் ஒன்றை நீட்டினார்கள். இந்தக் கணினிக்கோ ஒரே பிளக்கினூடாக 5 வோல்ட் நேரோட்டமும் (DC) 9 வோல்ட் ஆடலோட்டமும் (AC) வர வேண்டும்; முதலாவது ஏறத்தாழ ஒன்றரை அம்பியர், மற்றையது ஓர் அம்பியர். 5 வோல்ட்டை மட்டும் கொடுத்தால் சிவப்பு விளக்கு எரியும், ஆனால் திரையில் படம் வராது. வவுனியாக் கடையொன்றில் தொலைபேசியில் இதையெல்லாம் விளக்கிச் சொன்னபோது, "இருக்கு, வாங்கோ" என்றார்கள். ஏ9 வீதியில் பேருந்து ஏறிப் போய் நின்றால், கண்காணிப்புக் கமெராவுக்குரிய 12 வோல்ட் அடப்டரை எடுத்து வைத்தார் விற்பனையாளர். இது பொருந்தாது என்றதற்கு, "9ஐ விட 12 கூடத்தானே, இன்னும் நல்லா வேலை செய்யும்" என்றார். அன்றைய நாளும் பேருந்துக் காசும் போனதுதான் மிச்சம். தொலைபேசியில் "இருக்கு" என்று சொல்பவரிடம், அடப்டரின் மேல் ஒட்டியிருப்பதைப் படம் பிடித்து அனுப்பச் சொல்லுங்கள்.

வழி பிறந்தது பரந்தன் பக்கத்தில் வானொலி திருத்தும் ஐயா ஒருவரிடம். போர் நடந்து, பற்றறி தடைசெய்யப்பட்டிருந்த காலத்தில் சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்க வைத்த தலைமுறை அது. ஆடலோட்டத்தையும் நேரோட்டத்தையும் அவருக்கு நான் விளக்க வேண்டியிருக்கவில்லை. "தம்பி, ரெண்டையும் ஒண்டில தேடாதை, தனித்தனியா எடுத்துச் சேர்ப்பம்" என்றார். 9 வோல்ட்டுக்குப் பழைய நிலைமாற்றி (transformer) ஒன்று அவரிடமே கிடந்தது. 5 வோல்ட்டுக்கு 3 அம்பியர் மின்வழங்கி ஒன்றைப் புதிதாக வாங்கினேன்.

கணினியில் செருகும் ஏழு முள் பிளக்தான் எங்கும் அகப்படவில்லை. பழைய கசற் கருவிகளில் வரும் ஐந்து முள் பிளக் இதற்கு உதவாது. கடைசியில் எரிந்துபோன பெட்டியிலிருந்தே வயரை நீளமாக விட்டு வெட்டியெடுத்தோம். ஆகவே எரிந்தது என்று எதையும் குப்பையில் போட்டுவிடாதீர்கள். வயரின் நிறத்தை நம்பாமல், எந்த முள் எந்த வயருக்குப் போகிறது என்று பல்மானியால் (multimeter) ஒவ்வொன்றாகப் பார்த்தோம். 9 வோல்ட் வயர்கள் இரண்டில் ஒன்றை 5 வோல்ட்டின் மறைப் பக்கத்தோடு இணைக்க நான் கை வைத்தபோது ஐயா தட்டிவிட்டார்: கணினிக்குள்ளே ஆடலோட்டத்தை நேராக்கும் டயோட்டுகள் இருப்பதால், அப்படி இணைத்தால் குறுஞ்சுற்றாகிவிடும். 9 வோல்ட் வரியில் ஓர் உருகியும் (fuse) போட்டார்.

சுமையில்லாமல் அளந்தபோது 9 வோல்ட் பக்கம் 10.6 காட்டியது, நான் பதறினேன், சுமை ஏறினால் இறங்கும் என்றார், அப்படியே இறங்கியது. உண்மையில் அஞ்ச வேண்டியது 5 வோல்ட் பக்கத்துக்குத்தான். அது 5.25ஐத் தாண்டினால் நினைவகச் சில்லுகள் போய்விடும். பழைய கொமடோர் மின்வழங்கிகள் மூப்படையும்போது இப்படித்தான் வோல்ட்டைக் கூட்டி விடுவது வழக்கமாகையால், உங்களுடையது எரியாமல் நன்றாக இருந்தாலும் அளந்து பார்க்காமல் கணினியில் செருக வேண்டாம். மோட்டார் சைக்கிள் பல்ப் ஒன்றைச் சுமையாக வைத்து அளந்தோம், 5.08.

அன்றிரவு நீலத் திரையில், காலியாக உள்ள நினைவக பைற்றுகளைக் காட்டும் 38911 என்ற எண்ணோடு கணினி விழித்தது. ஒரு மணி நேரம் ஓடவிட்டு மீண்டும் அளந்தேன்; 5.07. நிலைமாற்றி கை வைக்கக்கூடிய அளவுக்குத்தான் சுட்டது. ஆனாலும் மறுநாள் புதிய மின்வழங்கியை வைத்த பெட்டியின் இரு பக்கங்களிலும் காற்றோட்டத்துக்குத் துளைகள் போட்டு, அடியில் 230 வோல்ட் என்று பெரிதாக எழுதி ஒட்டினேன்.