அரியரில் பங்கு கேட்டால் கையெழுத்துப் போடாதீங்க

ஈரோடு, கோபி, தாராபுரம் பக்கத்து முன்னாள் படைவீரர்கள் டிசெபிலிட்டி பென்ஷன் (பணியில் வந்த ஊனத்துக்கான ஓய்வூதியம்) கேஸுக்குப் போகும்போது தடுமாறுவது வக்கீல் ஃபீஸில்தான்.

“இப்ப எதுவும் வேண்டாம், வர்ற அரியர்ல (பென்ஷன் நிலுவைத் தொகையில்) கால்வாசி குடுத்துருங்க” என்று வக்கீல் ஸ்டாம்ப் பேப்பரை நீட்டினால் வாங்காதீங்க. ஜெயித்தால் பங்கு என்று ஃபீஸ் பேசுவதை வக்கீல்களுக்கான ஒழுங்கு அமைப்பான பார் கவுன்சிலின் விதி தடுக்கிறது. அமெரிக்காவில் முன்னாள் படைவீரர் கேஸ்களில் அது சட்டப்படி உண்டு. அரியரில் 20 சதவீதம் வரை நியாயமான ஃபீஸாகவே கருதுவார்கள். அதைக் கேள்விப்பட்டு இங்கேயும் அப்படித்தான் என்று நம்பிவிடக் கூடாது.

கணக்கைப் பாருங்க. தாமதமாகப் போனால் பொதுவாக மனுவுக்கு முந்தைய 3 வருஷ அரியர்தான் கிடைக்கும். மாதம் 9,000 என்றால் 36 மாதத்துக்கு 3,24,000. கால்வாசி 81,000! ஊனத்துக்கு வந்த காசுங்க அது.

ஃபீஸை மொத்தத் தொகையாகப் பேசுங்க. டைப்பிங், நகல் செலவு அதில் சேருமா, சுப்ரீம் கோர்ட் அப்பீல் தனியா என்று எழுதி வாங்குங்க. ஒவ்வொரு தவணைக்கும் ரசீது கட்டாயம்.

பென்ஷனை மறுத்தால் கோர்ட்டுக்கு முன் துறைக்குள் போடும் முதல் அப்பீலுக்கு வக்கீலே தேவையில்லை. மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் கேட்டாலே வழி சொல்வார்கள். இறுதி உத்தரவு வந்தபின் சென்னை ஆயுதப்படைத் தீர்ப்பாயத்துக்குப் போக 6 மாதம். மெடிக்கல் போர்டு (ஊனத்தை மதிப்பிட்ட மருத்துவக் குழு) அறிக்கையின் ஒரிஜினலை மட்டும் யாரிடமும் கொடுத்துவிடாதீங்க.