அம்மா ஓடிபி சொல்லவே இல்லை

போன மாதம் இரண்டாவது சனிக்கிழமை விடியற்காலை 1.40-க்கு அம்மாவின் போனுக்கு இரண்டு எஸ்எம்எஸ் வந்திருக்கின்றன, 18,340 ரூபாய் ஒன்று, 22,915 ரூபாய் ஒன்று, இரண்டுமே டெபிட் கார்டில் போன பணம். பால் வாங்க எழுந்தபோது பார்த்திருக்கிறார். அன்று முழுக்க யாரிடமும் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை நான் அயனாவரம் வீட்டுக்குப் போய் மத்தியானம் சாப்பிட்டுவிட்டு வந்தேன், அப்போதும் சொல்லவில்லை. திங்கள் ராத்திரி போனில் வேறு ஏதோ பேசிக்கொண்டிருந்தவர், "டேய், பேங்க்ல கொஞ்சம் பணம் போயிடுச்சுடா, நான்தான் எதையோ தப்பா அமுக்கிட்டேன் போலிருக்கு" என்றார்.

முப்பது வருஷத்துக்கு மேல் பள்ளிக்கூடத்தில் கணக்கு சொல்லிக்கொடுத்தவர் அம்மா. ஏடிஎம்மில் 500 ரூபாய் எடுத்தால்கூட நீளநோட்டில் தேதி போட்டு எழுதுவார். அப்படிப்பட்டவருக்கே 41,255 ரூபாய் காணாமல் போனதும் முதலில் தன் மேல்தான் சந்தேகம் வந்திருக்கிறது, அதுதான் எனக்குப் பணத்தைவிடப் பெரிய வலியாக இருந்தது.

அந்த ராத்திரியே வங்கி எண்ணுக்குக் கூப்பிட்டு கார்டை பிளாக் செய்து புகார் எண் வாங்கினோம். அப்புறம் 1930. சைபர் மோசடிக்கான அரசு உதவி எண் அது, நாடு முழுக்க ஒரே எண். செவ்வாய் காலை கிளைக்குப் போனோம்.

கவுன்ட்டரில் இருந்த தம்பி திரையைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார். "ஓடிபி யார்கிட்டயாவது சொல்லியிருப்பீங்கம்மா, நல்லா யோசிச்சுப் பாருங்க." அம்மா இல்லை என்றார். "எல்லாரும் அப்படித்தாம்மா சொல்வாங்க." பின்னால் வரிசையில் நின்றவர்கள் எல்லோருக்கும் கேட்கிற குரல். அம்மா பாஸ்புக்கை மடக்கிப் பைக்குள் வைத்துவிட்டு, "வா, போகலாம்" என்று என் கையைப் பிடித்தார். அந்தக் கை நடுங்கியது.

ஓடிபி வரவே இல்லை என்பதுதான் விஷயம். போனில் அந்த இரண்டு எஸ்எம்எஸ்ஸைத் தவிர எதுவும் கிடையாது. பணம் போனது ஒரு வெளிநாட்டு இணையதளத்துக்கு. நம் நாட்டுத் தளங்களில் கார்டு எண் போட்டால் ஓடிபி கேட்கும், ரிசர்வ் வங்கி கட்டாயமாக்கிய ஏற்பாடு அது. வெளிநாட்டுத் தளங்கள் பலவற்றில் அது கிடையாது. கார்டு எண், காலாவதித் தேதி, பின்னால் இருக்கும் மூன்று இலக்கம் தெரிந்தால் போதும். கார்டில் வெளிநாட்டுப் பயன்பாடு திறந்திருந்தால் பணம் போய்விடும். அக்காவைப் பார்க்க சிங்கப்பூர் போனபோது அம்மாவுக்காக நான்தான் அதைத் திறந்துவிட்டேன், திரும்பி வந்து மூடவில்லை. இப்போது வங்கி ஆப்பில் உள்நாடு, வெளிநாடு, ஆன்லைன், ஏடிஎம் என்று தனித்தனி சுவிட்ச் இருக்கிறது. வெளிநாடு போகாதவர்கள் தயவுசெய்து இன்றைக்கே அதைப் போய்ப் பாருங்கள்.

கிளையில் நான் அம்மாவை உட்கார வைத்துவிட்டு மேனேஜர் அறைக்குப் போனேன். 2017 ஜூலை 6-ஆம் தேதி ரிசர்வ் வங்கி ஒரு சுற்றறிக்கை போட்டது. வாடிக்கையாளர் அனுமதி இல்லாமல் மின்னணு வழியில் பணம் போனால் யார் பொறுப்பு என்பதைப் பற்றியது. ராத்திரி முழுக்க அதைத்தான் படித்துக்கொண்டிருந்தேன். வங்கியின் தவறு என்றால் நாம் எப்போது புகார் செய்தாலும் நமக்குப் பொறுப்பு இல்லை. தவறு வங்கியிடமும் இல்லை நம்மிடமும் இல்லை, இடையில் எங்கோ கசிந்தது என்றால், வங்கியிலிருந்து தகவல் வந்து மூன்று வேலை நாளுக்குள் சொல்லிவிட்டால் ஒரு ரூபாய்கூட நம் தலையில் விழாது. நான்கிலிருந்து ஏழு வேலை நாள் ஆகிவிட்டால், சாதாரண சேமிப்புக் கணக்குக்கு அதிகபட்சம் 10,000 ரூபாய் வரை நாம் ஏற்க வேண்டும். ஏழு நாளைத் தாண்டினால் அந்தந்த வங்கியின் கொள்கைப்படி. இதில் தகவல் வந்த நாளைக் கணக்கில் சேர்ப்பதில்லை. எஸ்எம்எஸ் வந்த சனிக்கிழமை போச்சு, ஞாயிறு விடுமுறை, திங்கள்தான் முதல் நாள். ஆக அம்மா மூன்று நாள் வாயைத் திறக்காமல் இருந்தும் நாங்கள் கெடுவுக்குள்தான் இருந்தோம்.

அதைவிட முக்கியமான வரி ஒன்று அதில் இருக்கிறது. வாடிக்கையாளர் மேல்தான் தவறு என்று நிரூபிக்க வேண்டிய பொறுப்பு வங்கியுடையது. "சொல்லியிருப்பீங்க" என்று கவுன்ட்டரில் ஒருவர் சொல்வது நிரூபணம் ஆகாது. இதை மேனேஜரிடம் அமைதியாகத்தான் சொன்னேன், அவரும் மறுக்கவில்லை. கடிதம் எழுதிக் கொடுத்தோம், நகலில் தேதியோடு சீல் வாங்கினோம். சீல் இல்லாமல் வெளியே வராதீர்கள். போனில் சொன்னது, வாட்ஸ்அப்பில் அனுப்பியது எல்லாம் பிறகு யாருக்கும் ஞாபகம் இருக்காது.

புகார் சொன்ன 10 வேலை நாளுக்குள் போன தொகையை வங்கி கணக்கில் தற்காலிகமாகப் போட்டுவிட வேண்டும், விசாரணையை 90 நாளுக்குள் முடிக்க வேண்டும். பத்து நாள் ஆகியும் வரவில்லை. பக்கத்து வீட்டு மாமா ராஜாஜி சாலையில் இருக்கும் ரிசர்வ் பேங்குக்கே நேராகப் போய்விடலாம் என்றார். அப்படிப் போய் நிற்கத் தேவையில்லை. முதலில் வங்கிக்கு எழுத வேண்டும், 30 நாளில் பதில் இல்லை என்றாலோ பதில் திருப்தியாக இல்லை என்றாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் இணையத்திலேயே புகார் போடலாம், கட்டணம் எதுவும் இல்லை. விவரம் கேட்க 14448 என்ற எண் இருக்கிறது. நான் வங்கியின் குறைதீர் அதிகாரிக்கு சுற்றறிக்கையின் தேதியைக் குறிப்பிட்டு ஒரு மின்னஞ்சல் அனுப்பினேன். பதினான்காவது வேலை நாளில் 41,255 ரூபாயும் கணக்கில் வந்தது. விசாரணை இன்னும் முடியவில்லை.

ஆனால் இதே தெருவில் இஸ்திரி போடும் அண்ணனுக்கு இந்தச் சுற்றறிக்கை கைகொடுக்கவில்லை. பழைய கட்டிலை விற்க ஆப்பில் போட்டார். வாங்குகிறேன் என்றவன் ஒரு க்யூஆர் அனுப்பி, ஸ்கேன் செய்து பின் நம்பரைப் போட்டால் அட்வான்ஸ் வரும் என்றிருக்கிறான். போட்டார், 6,500 ரூபாய் போய்விட்டது. பணம் வாங்குவதற்கு யுபிஐயில் பின் தேவையே இல்லை, அனுப்பத்தான் பின். அவருக்கு அது தெரியாது. கடைக்காரர்களுக்கு ஸ்டிக்கர் ஒட்டிவிட்டுப் போனவர்கள் இந்த ஒரு வரியைச் சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். அவரே பின் போட்டதால் வங்கி கையை விரித்துவிட்டது. நம் கவனக்குறைவால் போனால், வங்கிக்குச் சொல்லும்வரை ஆகிற நஷ்டம் நம்முடையது என்பதுதான் விதி, சொன்ன பிறகு போவது மட்டும் வங்கியின் கணக்கு. வெட்கத்தில் அவர் நான்கு நாள் கழித்துத்தான் வெளியே சொன்னார். உடனே 1930-க்குச் சொல்லியிருந்தால், அந்தப் பணம் அடுத்த கணக்குக்குத் தாவுவதற்கு முன் நிறுத்தி வைக்க ஒரு வாய்ப்பாவது இருந்திருக்கும்.

எனக்கு இதில் ஒரு கோபம் உண்டு. அந்த 6,500 ஆவியாகிப் போகவில்லை. ஏதோ ஒரு வங்கியில், ஆதாரும் பானும் கொடுத்துத் திறந்த ஒரு கணக்கில்தான் போய் உட்கார்ந்தது. அந்தக் கணக்கைத் திறந்துகொடுத்த வங்கியை யாரும் வரிசையில் நிற்க வைத்து "நல்லா யோசிச்சுப் பாருங்க" என்று கேட்பதில்லை. பணத்தை இழந்தவரைத்தான் கேட்கிறார்கள். ஏமாற்றப்பட்டு நாமே அனுப்பிய பணத்துக்கும் ஒரு பாதுகாப்பு வேண்டும், பணம் போய்ச் சேர்ந்த வங்கிக்கும் அதில் பங்கு வேண்டும் என்றுதான் நான் நினைக்கிறேன்.

அம்மா நீளநோட்டில் 41,255-ஐ வரவில் எழுதி, பக்கத்தில் "தற்காலிகம்" என்று சின்னதாகப் போட்டிருக்கிறார். பென்ஷன் எடுக்க இப்போதும் அதே கிளைக்குத்தான் போகிறார். அந்தத் தம்பி இருக்கும் கவுன்ட்டர் காலியாக இருந்தாலும், பக்கத்து வரிசையில் போய் நிற்கிறார்.