கொல்லைக் கதவும் அம்மாவின் தூக்கமும்

கைரேகை எடுக்க வந்தவர்கள் கிளம்பிப்போன கையோடு, அம்மா பீரோவிலிருந்த புடவைகளை எல்லாம் அள்ளிக்கொண்டு போய்க் கிணற்றடியில் துவைக்கப் போட்டாள். பட்டு தவிர நாற்பதுக்கு மேல் இருக்கும். “எவனோ கை வெச்சதை எப்படிடி கட்டிக்கிறது?” என்று மட்டும் சொன்னாள். திருட்டுப் போன நாலு பவுன் செயினைப் பற்றி அன்று முழுக்க அவள் வாயைத் திறக்கவில்லை. கொடிக்கயிறு போதாமல் மதில் சுவர் நீளத்துக்கும் புடவைகள் காய்ந்துகொண்டிருந்தது இன்றைக்கும் என் கண்ணில் நிற்கிறது.

இது நடந்தது 2017 வைகாசியில். மன்னார்குடியில், ஹரித்ரா நதி என்கிற தெப்பக்குளத்துக்குப் பக்கத்துத் தெருவில் எங்கள் வீடு. பழைய வீடு. நடுவில் முற்றம், பின்னால் கொல்லை, அதற்கப்பால் வாய்க்கால். அப்பா போன பிறகு அம்மா மட்டும்தான் அங்கே. நான் ஒரே பெண், சென்னையில் வேலை. புதுக்கோட்டையில் ஒரு கல்யாணத்துக்காக இரண்டு ராத்திரி வீட்டைப் பூட்டிவிட்டுப் போயிருந்தோம். வாய்க்கால் பக்கமாக வந்து, கொல்லைக் கதவைக் கடப்பாரையால் நெம்பியிருக்கிறார்கள். கதவு நல்ல தேக்கு, ஒரு கீறல் இல்லை. ஆனால் நாதாங்கியைப் பிடித்திருந்தது இரண்டு சின்னத் திருகாணிகள். அவை மரத்தோடு பெயர்ந்து வந்துவிட்டன. செயின், ஒரு ஜோடி வெள்ளிக் குத்துவிளக்கு, பதினெட்டாயிரம் ரூபாய் போயிற்று. கூடம் முழுக்க மிளகாய்ப் பொடி தூவியிருந்தார்கள். மோப்ப நாய் வாய்க்கால் வரை ஓடி நின்றுவிட்டது. இ.பி.கோ. 457, 380 என்று எஃப்.ஐ.ஆர் போட்டார்கள். பொருள் எதுவும் திரும்பக் கிடைக்கவில்லை.

அன்று வந்த ஏட்டு ஒருவர் வாசலில் நின்று சொன்னதை நான் மறக்கவில்லை. “ரெண்டு நாளா கோலம் இல்லை. பூட்டு வெளியிலேயே தொங்குது. பால் பாக்கெட்டையும் நிறுத்தச் சொல்லலை. ஆள் இல்லைன்னு தெருவுக்கே தெரியுது பாருங்கம்மா.” அதிலிருந்து ஊருக்குப் போகிறோம் என்றால், பக்கத்து வீட்டு அக்கா காலையில் எங்கள் வாசலையும் தெளித்து நாலு இழை கோலம் இழுத்துவிடுவார். ஸ்டேஷனிலும் எழுதிக் கொடுத்துவிட்டுப் போவோம். இந்த இரண்டுக்கும் ஒரு பைசா செலவில்லை.

ஆனால் அம்மாவின் தூக்கம் போய்விட்டது. ராத்திரி தென்னை மட்டை விழுந்தால் எழுந்து உட்கார்ந்துவிடுவாள். சென்னைக்கு வந்துவிடு என்று எத்தனையோ முறை கூப்பிட்டேன். பங்குனியில் ராஜகோபாலசுவாமிக்குப் பதினெட்டு நாள் உற்சவம், அதை விட்டுவிட்டு அந்த அடுக்குமாடியில் வந்து என்ன செய்யப்போகிறேன் என்பாள். அவள் சொல்வதும் நியாயம்தான். அப்போதுதான் அலாரம் வைக்கலாம் என்று முடிவெடுத்தேன்.

எல்லோரும் கேமரா வை என்றார்கள். கேமரா வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். போலீசுக்கு அது பெரிய உதவி. ஆனால் கேமரா, நடந்ததைப் பிறகு காட்டும். ஹார்ட் டிஸ்க் இருக்கும் பெட்டியையே தூக்கிக்கொண்டு போகும் திருடர்களைப் பற்றிப் பேப்பரில் படிக்காத மாதம் இல்லை. எனக்கு வேண்டியிருந்தது, அவன் கதவில் கை வைக்கும்போதே ஊரைக் கூட்டும் ஒன்று.

தஞ்சாவூரிலிருந்து ஒரு கடைக்காரரை வரவழைத்துப் பதினாலாயிரம் ரூபாயில் மாட்டினோம். எல்லா சென்சாரும் வந்து சேரும் பெட்டியான ஒரு பேனல், கதவுகளுக்கு நாலு காந்த சென்சார், கூடத்திலும் முற்றத்துத் தாழ்வாரத்திலும் ஆள் நடமாட்டம் பார்க்கும் சென்சார் இரண்டு, வெளியே ஒரு சைரன், பேனலுக்குள் ஒரு சிம் கார்டு. சத்தம் எழுந்தால் என் போனுக்கு அழைப்பு வரும். அரை நாளில் வேலையை முடித்துவிட்டுப் போய்விட்டார்கள். அந்த வேலையில் எத்தனை தப்பு இருந்தது என்று தெரிந்துகொள்ள எனக்கு ஒன்றரை வருஷம் ஆனது. இதையெல்லாம் எழுத உட்கார்ந்ததே, வேறு யாரும் அத்தனை நாள் காத்திருக்க வேண்டாம் என்பதற்காகத்தான்.

முதல் வாரமே நடு ராத்திரியில் மூன்று முறை சைரன் அலறியது. அம்மா நடுங்கிப்போனாள். காரணம் பல்லி. ஆள் நடமாட்டம் பார்க்கும் சென்சார், உடம்பிலிருந்து வரும் வெப்பக் கதிர் தன் பார்வையில் இங்கிருந்து அங்கே நகர்வதைத்தான் கவனிக்கிறது. பத்தடி தள்ளிப் போகும் பல்லியை அது பொருட்படுத்தாது. ஆனால் அதன் முகத்து மேலேயே பல்லி ஊர்ந்தால், அதற்கு அது ஓர் ஆள் மாதிரி. பின்பக்கம் வயர் வரும் ஓட்டை வழியாக எறும்பும் உள்ளே போய்க் குடியேறியிருந்தது. ஓட்டையை எம்சீல் வைத்து அடைத்தோம். டியூப்லைட்டுக்குப் பூச்சி வரும், பூச்சிக்குப் பல்லி வரும் என்பதால் சென்சாரை டியூப்லைட்டிலிருந்து தள்ளி மாற்றினோம்.

இன்னொன்று, அதைக் கதவுக்கு நேர் எதிரே மாட்டியிருந்தார்கள். நேராக அதை நோக்கி நடந்து வருபவரை அது தாமதமாகத்தான் கண்டுபிடிக்கும். குறுக்கே கடப்பவரைச் சட்டென்று பிடிக்கும். அதனால் மூலையில் மாட்டுவது நல்லது. அப்புறம் நம்மூர் வெயில். சித்திரையில் தாழ்வாரமே உடம்புச் சூட்டுக்கு வந்துவிடும்போது, சுவருக்கும் ஆளுக்கும் வெப்ப வித்தியாசம் குறைந்துபோகிறது, சென்சாரின் பார்வையும் மங்குகிறது. கோடையில் இதை மட்டும் நம்பக்கூடாது என்று நான் புரிந்துகொண்டது அப்படித்தான்.

காந்த சென்சாருக்கு இந்த வம்பெல்லாம் இல்லை. கதவில் ஒரு காந்தம், நிலையில் ஒரு சின்ன சுவிட்ச், இரண்டும் பிரிந்தால் சைரன். வெயிலானாலும் பல்லியானாலும் அதற்கு ஒன்றுதான். கதவு திறந்தால் கம்பியில் மின்சாரம் ஓடி மணி அடிக்கும் என்ற யோசனைக்கு அமெரிக்காவில் அகஸ்டஸ் ரஸ்ஸல் போப் என்பவர் காப்புரிமை வாங்கியது 1853 ஜூன் 21-ல். அடிப்படை இன்றைக்கும் அதேதான்.

ஆனால் எங்கள் வீட்டில் அதிலும் ஒரு தப்பு. அலாரம் போட்டிருக்கும்போது நாமே கதவைத் திறந்து உள்ளே வந்து அதை நிறுத்த முப்பது விநாடி அவகாசம் கொடுப்பார்கள். வாசல் கதவுக்கு அது சரி. கொல்லைக் கதவுக்கும் அதே முப்பது விநாடியை வைத்திருந்தார்கள். கொல்லை வழியாகச் சாவி போட்டு வருகிறவர் எங்கள் வீட்டில் யாரும் இல்லை! பேனல் வேறு கூடத்தில், எல்லார் கண்ணிலும் படும்படி இருந்தது. முப்பது விநாடியில் அதைச் சுவரோடு பிய்த்து எறிந்துவிடலாம். பேனலை உள் அறைக்கு மாற்றினேன். கொல்லைக் கதவுக்கு அவகாசத்தை எடுத்தேன். கை எட்டும் உயரத்தில் இருந்த சைரனை மாடிச் சுவருக்கு ஏற்றினேன்.

பிறகுதான் முக்கியமான விஷயம் உறைத்தது. காந்த சென்சார் கதவு திறந்த பிறகுதானே கத்தும்? அதாவது நாதாங்கி பெயர்ந்து அவன் உள்ளே கால் வைத்த பிறகு. அதற்குப் பிறகு தெரு முழிக்க, விளக்குப் போட, போலீஸ் வர எப்படியும் பத்து நிமிஷமாவது ஆகும். பீரோவை உடைக்க அது போதும். சத்தம் முதலில் வரவேண்டும், கதவு கடைசியாக உடையவேண்டும். அதனால் கொல்லைத் தாழ்வாரத்தை அடைத்து ஓர் இரும்பு கிரில் கதவு போட்டு, சென்சாரை அந்த கிரில்லில் வைத்தோம். உள்ளே தேக்குக் கதவுக்கு விரல் நீளத் திருகாணிகளோடு புது நாதாங்கியும் குறுக்கே ஓர் இரும்புப் பட்டையும். ஆசாரிக்கும் வெல்டிங் கடைக்கும் சேர்த்து அலாரத்தைவிடக் கூடத்தான் செலவானது. அந்தப் பணத்தைக் கொடுக்க நான் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை.

2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் வந்தது. எங்கள் பக்கத்தில் தென்னை சாயாத தோப்பு இல்லை, கம்பம் சாயாத தெரு இல்லை. பேனலில் இருந்தது 12 வோல்ட், 7 ஆம்பியர்-ஹவர் பேட்டரி. ஒன்றரை நாள் தாக்குப்பிடித்து அடங்கிவிட்டது. டவரும் இல்லாததால் சிம்மும் செத்தது. கரண்ட் வர நாள் கணக்கில் ஆயிற்று. அந்த ராத்திரிகளில் தெருப் பையன்கள் முறைபோட்டு டார்ச்சோடு சுற்றி வந்தார்கள். எதிர்வீட்டுக் கணக்கு சார் (எனக்குப் பத்தாம் வகுப்பு வரை பாடம் எடுத்தவர்) திண்ணையில் கட்டில் போட்டுப் படுத்திருந்தாராம். அம்மா அந்த நாட்களில் நன்றாகத் தூங்கினாளாம். போன் வேலை செய்ய ஆரம்பித்ததும் அவள் எனக்குச் சொன்ன முதல் விஷயம் அதுதான்.

அடுத்த முறை மன்னை எக்ஸ்பிரஸில் ஊருக்குப் போனபோது நேராக சார் வீட்டுக்குத்தான் போனேன். சைரன் அடித்தால் என்ன செய்வது என்று உட்கார்ந்து பேசினோம். யாரும் தனியாக இறங்கி ஓடக்கூடாது. முதலில் எல்லார் வீட்டு வெளி விளக்கும் எரியவேண்டும். 100-க்குப் போன். பிறகு நாலு பேர் சேர்ந்த பின்தான் தெருவில் இறங்குவது. சார் அதை ஒரு தாளில் எழுதி, தன் வீட்டுச் சுவிட்ச் போர்டுக்குப் பக்கத்தில் ஒட்டினார். பக்கத்து வீட்டு அக்காவிடம் ஒரு சாவி கொடுத்தேன்.

2022 மாசியில், அம்மா கண் ஆபரேஷனுக்காக என்னோடு சென்னையில் இருந்தாள். ராத்திரி 2.40-க்கு என் போன் அடித்தது. பேனலின் நம்பர். உடம்பெல்லாம் ஜில்லிட்டுவிட்டது. சாருக்குப் போட்டேன், முதல் மணியிலேயே எடுத்தார். “கேட்டுடுச்சும்மா, லைட் எல்லாம் போட்டாச்சு, வெங்கலக்கடை வீட்டுப் பசங்களும் எழுந்துட்டாங்க” என்றார். பின்னால் சைரன் கேட்டுக்கொண்டே இருந்தது. கால் மணி நேரத்தில் ரோந்து வண்டி வந்தது. கிரில் கதவின் பூட்டை உடைத்துத் திறந்திருக்கிறார்கள். அதோடு சரி. தேக்குக் கதவில் கை வைத்த தடயமே இல்லை. கிணற்றுக்குப் பக்கத்தில் ஒரு கடப்பாரை கிடந்தது, அதைப் போலீஸ் எடுத்துப் போனார்கள். அம்மாவை எழுப்பலாமா என்று யோசித்து, விடியட்டும் என்று விட்டுவிட்டேன். காலையில் சொன்னதும், “பீரோ?” என்றாள். “தொடவே இல்லைம்மா” என்றேன். கட்டுப்போட்ட கண்ணோடு கொஞ்ச நேரம் என் கையைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள்.

நியூயார்க்கின் குயின்ஸ் பகுதியில் மேரி வான் பிரிட்டன் பிரௌன் என்று ஒரு நர்ஸ் இருந்தார். அவரும் கணவரும் வேலை பார்த்த நேரங்கள் வேறு வேறு என்பதால் பல நேரம் வீட்டில் தனியாக இருக்கவேண்டி வந்தது. அந்தப் பகுதியில் கூப்பிட்டால் போலீஸ் சீக்கிரம் வராது. எலெக்ட்ரானிக்ஸ் தெரிந்த கணவரோடு சேர்ந்து, கதவில் நாலு துளை, அவற்றுக்குப் பின்னால் ஏறி இறங்கும் கேமரா, படுக்கையறையில் திரை, ஆபத்தென்றால் அழுத்த ஒரு பட்டன் என்று ஓர் ஏற்பாட்டை வடிவமைத்து 1966-ல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். 1969 டிசம்பரில் கிடைத்தது. இதை முதலில் படித்தபோது எனக்கு அம்மா ஞாபகம்தான் வந்தது. ராத்திரி கதவுக்கு வெளியே சத்தம் கேட்டு, எழுந்து போய்ப் பார்க்கவும் பயந்து உட்கார்ந்திருக்கும் பெண் எந்த ஊரிலும் இருக்கிறாள்.

இப்போது ஒவ்வொரு மாதமும் ஒன்றாம் தேதி சாயங்காலம் ஐந்து மணிக்கு அம்மா கிரில் கதவைத் திறந்து சோதனை பார்க்கிறாள். முந்தின நாளே தெருவில் சொல்லிவிடுவாள், கைக்குழந்தை இருக்கும் வீட்டில் ஒருமுறை கூடவே. சைரன் அடிக்கும். என் போன் அடிக்கும். வரவில்லை என்றால் சிம்மில் ரீசார்ஜ் தீர்ந்திருக்கும், உடனே போடுவேன். எதிர்த் திண்ணையிலிருந்து சார் கையைத் தூக்கிக் காட்டுவார், அம்மா ரிமோட்டை அழுத்தி நிறுத்துவாள். பேட்டரியை இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்றுகிறோம். முதல் பேட்டரி உப்பிப்போனது யாருக்கும் தெரியாமலே கிடந்ததால் இந்தப் பழக்கம். மாற்றிய தேதியை அம்மா பேனல் மூடியின் உள்பக்கம் மார்க்கரில் எழுதிவைத்திருக்கிறாள். அடுத்தது ஐப்பசியில்.