தூக்கலாம், கேட்டுவிட்டுத் தூக்குங்கள்

ஜாஸ் இசைக்கு ஜோடியாக ஆடும் லிண்டி ஹாப் ஆடுகிறேன் என்று சொன்னால் அடுத்த கேள்வி தயாராக இருக்கும்: "உன்னைத் தூக்கிப் போடுவாங்களா?" போடுவார்கள். ஜோடியைக் காற்றில் தூக்கி ஆடும் ஏர் ஸ்டெப் என்றால் எனக்கு உயிர். அதனால்தான், போட்டியோ மேடையோ இல்லாமல் எல்லோரும் கலந்து ஆடும் சோஷியல் டான்ஸ் இரவில் பெயர்கூடத் தெரியாத ஒருவர் பாட்டின் கடைசியில் இடுப்பைப் பிடித்துத் தூக்கப் பார்த்தால் எனக்கு அவ்வளவு கோபம் வருகிறது.

ஏர் ஸ்டெப் பிறந்த கதையைச் சொல்கிறேன். நியூயார்க்கின் ஹார்லெமில், லெனாக்ஸ் அவென்யூவில் 1926-ல் திறந்தது சவாய் பால்ரூம் என்ற நடனக்கூடம். அங்கே கொடிகட்டிப் பறந்தவர் ஷார்ட்டி ஸ்னோடன். ஆள் ரொம்பக் குள்ளம், அவர் ஜோடி பிக் பீ நல்ல உயரம். ஆட்டம் முடிந்ததும் பிக் பீ அவரை முதுகில் சுமந்துகொண்டு வெளியேறுவார். அதைப் பார்த்த இளைஞர் ஃப்ராங்கி மேனிங்குக்கு ஒரு யோசனை: முதுகில் ஏற்றியதோடு நிற்பானேன், அப்படியே உருட்டி மறுபக்கம் இறக்கினால் என்ன? ஜோடி ஃப்ரீடா வாஷிங்டனிடம் சொன்னார். தரையில் மெத்தையைப் போட்டுப் பழகினார்கள். 1935-ல் ஸ்னோடன் கோஷ்டியோடு நடந்த போட்டியில், சிக் வெப்பின் இசைக்குழு வாசிக்க, ஃப்ரீடா மேனிங்கின் முதுகின்மேல் உருண்டு வந்து தாளத்தில் கால் ஊன்றினார்.

எனக்கு இந்தக் கதையில் பெரிய விஷயம் அந்த மெத்தைதான். ஃப்ரீடாவுக்கு என்ன நடக்கப்போகிறது என்று தெரியும், விழுந்து விழுந்து பழகியிருந்தார், அவரும் சம்மதித்துத்தான் குதித்தார்.

ஆமாம், குதிக்க வேண்டும். ஜோடியும் நானும் முதுகோடு முதுகு நின்று முழங்கைகளைக் கோத்துக்கொள்வோம். அவர் முழங்காலை மடக்கித் தன் இடுப்பை என் இடுப்புக்குக் கீழே கொண்டுவருவார். அந்த நேரத்தில் நான் எம்பாமல் வெறுமனே சாய்ந்தால் என் மொத்த எடையும் அவர் நடுமுதுகில் விழும். எம்பி, முழங்கால்களை நெஞ்சோடு சுருட்டிக்கொண்டால், பாரமே தெரியாமல் உருண்டுவிடுவேன். கூரை விளக்கு ஒரு கணம் கண்ணில் படும், அடுத்த பீட்டில் கால் தரையில். பழகும்போது விழுந்தால் பிடிக்க ஆசிரியை பக்கத்திலேயே கை நீட்டி நிற்பார். முதன்முறையாகச் சந்திக்கும் ஒருவரோடு, நான்கு பக்கமும் ஜோடிகள் சுழலும் இடத்தில், இதை எப்படிச் செய்வது? என் கால் யார் முகத்தில் படும்?

பால்ரூம் நடனப் போட்டிகளில் இதை விதியாகவே வைத்திருக்கிறார்கள். ஜோடியின் துணையோடு ஒருவரின் இரண்டு பாதங்களும் ஒரே நேரத்தில் தரையை விட்டு எழுந்தால் அது லிஃப்ட். வால்ட்ஸ் ஆடும் ஸ்டாண்டர்ட் பிரிவிலும் சரி, ரும்பா ஆடும் லத்தீன் பிரிவிலும் சரி, லிஃப்ட் கூடாது. தளம் முழுவதும் ஒரே ஜோடிக்குக் கிடைக்கும் ஷோடான்ஸில் செய்துகொள்ளலாம். நியாயமான ஏற்பாடு.

வித்தை காட்டவே கூடாது என்று நான் சொல்லவில்லை. 1941-ல் வந்த 'ஹெல்சபாப்பின்' படத்தில் மேனிங்கின் குழு பறப்பதைப் பார்த்துத்தான் நான் வகுப்பில் சேர்ந்தேன். ஆனால் அது கேமராவுக்காகக் கோத்த நடனம். பின்னாளில் உலகம் சுற்றி வகுப்பெடுத்தபோது அதே மேனிங், ஜோடியை ராணியாக நினைத்து முதலில் தலைவணங்கச் சொல்லிக்கொடுத்தார். ட்ரம்பெட் நிற்கும் இடத்தில் இருவரும் சட்டென்று நின்று, அது திரும்பும்போது ஒரே மூச்சில் கிளம்பினால் போதும், சுற்றியிருப்பவர்கள் கைதட்டுவார்கள். அதுவும் வித்தைதானே?

யாராவது இடுப்பைப் பிடித்தால் இப்போதெல்லாம் முழங்காலைத் தளர்த்திக் கனத்து நின்றுவிடுகிறேன். "இங்கே வேண்டாம்" என்று வாய்விட்டும் சொல்கிறேன். சிலர் முகம் சுளிப்பார்கள், சுளிக்கட்டும். பாட்டு வேகமெடுத்து, கூட்டம் தானாக விலகி, ஒவ்வொரு ஜோடியாக நடுவில் வந்து ஆடும் ஜாம் சர்க்கிள் உருவாகும்போது, கூடப் பழகியவர் கண்ணால் கேட்டால் முழங்கையை நானே நீட்டுவேன்.