தயிர் டப்பாவில் ஒரு பனிக்காலம்

காங்கேயம், பெருந்துறைப் பக்கமிருந்து டொராண்டோவுக்குக் குடிவரும் குடும்பங்களுக்கு முதல் பனிக்காலம் கழிந்ததும் ஒரு கேள்வி வரும்: கார்த்திகையில் நன்றாக இருந்த வாசற்படி பங்குனியில் எப்படி விரிசல் விட்டது? நம்மூர்க் கரட்டில் பாறை தகடு தகடாக உரிந்து கிடப்பதைப் பார்த்திருப்போம். ஊட்டியில் உறைபனி கண்டிருந்தாலும், அது புல்மேல் வெள்ளையாய் விழுந்து வெயிலேறியதும் போய்விடும். கல்லுக்குள் புகுந்த தண்ணீர் உறைந்து கல்லைப் பிளப்பது நமக்குப் புதிது.

பிள்ளைகளுக்கு இதை வீட்டிலேயே செய்து காட்டலாம். கோபியில் இருக்கும் சித்தப்பா பிள்ளைகளும் அதே நாளில் செய்து பார்க்கட்டும். ஃப்ரீசர் இருந்தால் போதும்.

அரை லிட்டர் தயிர் டப்பா இரண்டு, பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் 600 கிராம், தண்ணீர் 300 மில்லி, சின்ன பலூன் ஒன்று. பலூனில் 30 மில்லி தண்ணீர் நிரப்பி, காற்றுக் குமிழை முழுக்க வெளியேற்றி முடிச்சுப் போடுங்கள். தண்ணீரில் பவுடரைத் தூவிக் கலக்க வேண்டும். பவுடரில் தண்ணீரை ஊற்றினால் கட்டி தட்டும். கலவையை இரண்டு டப்பாவிலும் சமமாக ஊற்றி, ஒன்றில் மட்டும் பலூனை ஒரு சென்டிமீட்டர் ஆழத்துக்கு அமுக்குங்கள். பலூன் மேலே மிதந்து வரும், ஏனென்றால் கலவை தண்ணீரைவிடக் கனமானது. இறுகும்வரை ஒரு குச்சியால் அழுத்திப் பிடித்திருக்க வேண்டும். இறுகும்போது கலவை சூடாகும், கையை உள்ளே விடக்கூடாது. மிச்சத்தைச் சிங்க்கில் கொட்டினால் குழாய் அடைத்துக்கொள்ளும். ஒரு மணி நேரம் கழித்து இரண்டையும் ஃப்ரீசரில் வைத்து மறுநாள் எடுங்கள்.

பலூன் வைத்தது வெடித்திருக்கும். தண்ணீர் உறையும்போது சுமார் 9 சதவீதம் பருக்கிறது. 30 மில்லி ஏறக்குறைய 33 மில்லி ஆகிறது. பலூன் வைக்காத டப்பா எதற்கு என்றால், குளிரிலேயே பிளாஸ்டர் வெடித்திருக்கும் என்று யாரும் சொல்லிவிடாமல் இருக்க.

வெடிக்கவில்லையா? பெரும்பாலும் பலூனுக்குள் காற்று இருந்திருக்கும். பருக்கிற பனிக்கட்டி அந்த இடத்தை எடுத்துக்கொள்ளும், சுவரைத் தள்ளாது. இந்தத் தோல்விதான் சோதனையிலேயே அருமையான பாடம். நம்மூர்க் கொத்தனார் கான்கிரீட்டில் காற்று நிற்கக்கூடாதென்று வைப்ரேட்டர் போடுவார். கனடாவில் பனி படும் கான்கிரீட்டில் கண்ணுக்கு எளிதில் தெரியாத நுண்குமிழிகளை மருந்து கலந்து வேண்டுமென்றே உண்டாக்குகிறார்கள், வழக்கமாக 5 முதல் 8 சதவீதம் வரை. உறையும் தண்ணீருக்கு ஒதுங்க இடம் வேண்டும் என்பதற்காகத்தான்.

ஆனால் பருப்பது மட்டும் பாறையை உடைப்பதில்லை. உறைந்தால் சுருங்கும் பென்சீனை மண்ணில் வைத்து உறைய விட்டார் அமெரிக்கரான ஸ்டீபன் டேபர். அப்போதும் மண் மேலே எழும்பியது. அதை 1930இல் எழுதினார். விரிசலில் உருவாகும் பனிக்கட்டி, சுற்றியுள்ள நுண்துளைகளிலிருந்து தண்ணீரை இழுத்து இழுத்து வளர்கிறது. பாறையில் இதற்கு வாகானது மைனஸ் 3 முதல் மைனஸ் 8 டிகிரி வரை.

உண்மைக் கல்லில் பார்க்க விரும்பினால் கருங்கல் வேண்டாம், அதில் தண்ணீர் ஏறுவதே அபூர்வம். செங்கல் துண்டோ சுக்கான் கல்லோ எடுத்து, ஒரு நாள் ஊறவைத்து, பையிலிட்டு உறையவைத்து இளகவிடுங்கள். பல தடவை செய்தால் பையின் அடியில் தூள் சேரும். நுண்துளைகளில் பத்தில் ஒன்பது பங்குக்குக் குறைவாகத் தண்ணீர் இருந்தால் சேதம் குறைவு, அதனால் ஒவ்வொரு தடவையும் மறுபடி ஊறவைக்க வேண்டும்.

வீட்டு வெளிக்குழாய்க்கும் இதே கணக்குதான். குளிர் தொடங்குமுன் உள்ளே இருக்கும் வால்வை மூடி, ஹோஸைக் கழற்றி, வெளிக்குழாயைத் திறந்து தண்ணீரை வடியவிட்டு, அதைத் திறந்தபடியே விட்டுவிடுங்கள்.