திண்டுக்கல்லில் இருந்து டெல்லிக்குப் போன டாக்டர்

டாக்டர் சௌந்தரம் ராமச்சந்திரன் பற்றிப் பேச்சு வந்தால் டி.வி.எஸ். வீட்டுப் பெண் என்பார்கள், அப்புறம் மத்திய துணை அமைச்சராக இருந்தவர் என்பார்கள். இரண்டும் உண்மைதான். ஆனால் அவர் டாக்டரான கதையைத்தான் முதலில் சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன்.

1904-இல் பிறந்தவர். சின்ன வயதிலேயே கல்யாணம் ஆகிவிட்டது. கணவர் சௌந்தரராஜனும் டாக்டர். 1925-இல் பிளேக் நோய்க்கு அவர் பலியானபோது சௌந்தரத்துக்கு இருபது, இருபத்தொன்று வயதுதான் இருக்கும். அந்தக் காலத்து ஐயங்கார் வீட்டில் அப்புறம் மூலையில் உட்கார வேண்டியதுதான், வேறு வழி கிடையாது. கணவரோ சாகும் தறுவாயில் நீ படிக்க வேண்டும், மறுமணமும் செய்துகொள்ள வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனாராம். டெல்லி லேடி ஹார்டிஞ்ச் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து 1936-இல் டாக்டராகி வெளியே வந்தார். முப்பது வயது தாண்டிவிட்டது, அதனால் என்ன?

அங்கே கிடைத்த தோழி சுசீலா நய்யார். அவர் வழியாகத்தான் காந்தியின் பழக்கம், காந்தியின் சீடர் ஜி. ராமச்சந்திரனின் பழக்கம். ராமச்சந்திரனும் சௌந்தரமும் கல்யாணம் செய்துகொள்ள நினைத்தார்கள். ஜாதி விட்டு ஜாதி, அதிலும் விதவை மறுமணம் என்று வீட்டில் ஒரே எதிர்ப்பு. ஒரு வருஷம் பார்க்காமல், பேசாமல் இருங்கள், அதற்குப் பிறகும் மனசு மாறவில்லை என்றால் பண்ணிக்கொள்ளலாம் என்றார் காந்தி. மாறவில்லை. 1940-இல் கல்யாணம்.

1947-இல் இருவரும் சேர்ந்து திண்டுக்கல் பக்கத்தில் காந்திகிராமம் என்ற கிராம சேவை நிறுவனத்தைத் தொடங்கினார்கள். பக்கத்தில் சின்னாளப்பட்டியில் சின்னதாக ஆரம்பித்த வைத்தியசாலைதான் பிறகு கஸ்தூர்பா மருத்துவமனையாக வளர்ந்தது. வசதியான வீட்டுப் பெண், பட்டணத்தில் கிளினிக் வைத்திருந்தால் யாரும் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார்கள். கிராமத்துப் பெண்களின் பிரசவத்துக்கு ஆள் இல்லாத ஊரைத் தேடி வந்தாரே, எம்.பி. பதவியைவிட எனக்கு அதுதான் பெரிதாகப் படுகிறது.

சட்டமன்றத்துக்கு 1952, 1957 என இரண்டு முறை போனவர், 1962-இல் திண்டுக்கல் எம்.பி. ஆகி கல்வித் துறைத் துணை அமைச்சரானார். சுசீலா நய்யார் அப்போது சுகாதார அமைச்சர். ஒரே கல்லூரியில் படித்த இரண்டு லேடி டாக்டர்கள் ஒரே அரசாங்கத்தில்! 1967 தேர்தலில் திண்டுக்கல்லில் தோற்றார். தேர்தல் அரசியல் அத்தோடு போனது. காந்திகிராமத்தை மட்டும் 1984-இல் இறக்கும்வரை அவர் விடவில்லை.